பாண்ட் குழுவுக்கு யாரைத் தெரிவு செய்வது?

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நாள் குறித்ததும் பாண்ட் வாத்தியக் குழுவின் பெயர்ப் பட்டியல் அறிவித்தல் பலகைக்கு வந்துவிடும். பெயர் உள்ள பிள்ளை அன்று மாலையே வீட்டில் சீருடைக் கதையைத் தொடங்குவாள். பெயர் இல்லாத பிள்ளைக்கு ஏன் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. அவளாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வாள். பெரும்பாலும் அந்தக் காரணம் சரியாகத்தான் இருக்கும்: நான் கட்டை, எங்கள் வீட்டில் காசில்லை, ரீச்சருக்கு என்னைத் தெரியாது.

பல பாடசாலைகளில் தெரிவு நடக்கும் விதத்தை நாம் அறிவோம். மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். உயரம் ஒத்தவர்கள் ஒரு பக்கம் போவார்கள். பார்வைக்கு நன்றாக இருப்பவள் முன்னுக்கு வந்து கோல் பிடிப்பாள். சீருடை, சப்பாத்து, தொப்பி எல்லாவற்றுக்கும் இவ்வளவு செலவாகும், வாங்க முடியாதவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்று ஒரு கேள்வி வரும். இரண்டு மூன்று கைகள் தயங்கி உயரும், தெரிவு முடிந்துவிடும். இவ்வளவுக்கும் ஒரு பிள்ளையாவது ஒரு தட்டுத் தட்டிக் காட்டியிருக்க மாட்டாள். காதுக்காக அமைக்கப்படும் குழுவைக் கண்ணால் தெரிவு செய்வது எனக்கு எப்போதும் விளங்காத விடயம்.

அப்படி உயர்ந்த கைகளில் ஒன்று ஒருமுறை என்னுடையது. பாடசாலையின் பெயர் வேண்டாம். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலம் அது. சீருடைக்கு வாப்பாவிடம் கேட்கும் நிலை இருக்கவில்லை. கேட்கவும் இல்லை. இதை மனக்குறையாகச் சொல்லவில்லை. அன்று என் கையில் தாளம் இருந்ததா என்பது எனக்கே இன்றுவரை தெரியாது. எவரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

இப்போது நான் கற்பிப்பது வலிகாமம் வடக்கில், மயிலிட்டிக்கு அண்மையில். மேளத்துக்குப் பேர்போன மண் இது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டி இதே பிரதேசத்தில்தான் இருக்கிறது. 1975 இல் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்தும் இங்குள்ள முதியவர்கள் அவருடைய தனியாவர்த்தனத்தை நேற்றுக் கேட்டதுபோலச் சொல்வார்கள். தவில் பழகும் பிள்ளையின் கையில் முதல் நாளே கருவியைக் கொடுப்பதில்லை. சொற்கட்டு முதலில் வாயில் பதிய வேண்டும். தகதிமி, தகிட என்று சொல்லிச் சொல்லி, காலம் பிசகாமல் நாக்குப் பழகிய பிறகுதான் கைக்கு முறை வரும். அந்தப் பயிற்சியின் கண்டிப்பை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே மண்ணில் யார் எந்த மேளத்தை அடிப்பது என்பதைப் பிறப்புத்தான் தீர்மானித்தது. தவில் ஒரு சமூகத்தின் குலத்தொழிலாக இருந்தது. பறை இன்னொரு சமூகத்தின் மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. அடிக்க விரும்பியவருக்கு அனுமதி இல்லை. அடிக்க விரும்பாதவருக்கு விடுதலையும் இல்லை. பெண்பிள்ளையின் விருப்பத்தைப் பற்றி எவரும் பேசவே இல்லை. பாண்ட் வாத்தியமோ வெள்ளைக்காரரின் இராணுவ அணிவகுப்பிலிருந்து பாடசாலைக்கு வந்தது. அதன் பிறப்பிடம் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. இருந்தும் அதில் ஒரு நன்மை இருந்தது. சைட் ட்ரம்மைத் தோளில் மாட்டும் பிள்ளையிடம் நீ யாருடைய மகள் என்று அந்தக் கருவி கேட்பதில்லை. எல்லாருக்கும் திறந்திருந்த அந்த ஒரு கதவுக்கு உயரத்தையும் பணத்தையும் காவலுக்கு வைத்தது நாம்தான்.

மயிலிட்டியின் கதை தெரிந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது இலகுவில் விளங்கும். 1990 ஜூனில் அந்த ஊர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு ஒக்டோபரில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களாகிய நாங்கள் வெளியேற்றப்பட்டோம். மயிலிட்டி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. துறைமுகத்தோடு ஒரு பகுதி நிலம் மக்களிடம் திரும்பியது 2017 ஜூலையில். ஊரின் கலைமகள் வித்தியாலயம் 2018 இல் விடுவிக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் வேறு ஊர்களில், வேறு பாடசாலைகளில் படித்து முடித்துவிட்டது. மீள்குடியேறிய இத்தகைய ஊர்களின் பாடசாலைகளில் சில வகுப்புகளில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியொரு பாடசாலையில் பாண்ட் குழு அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாருமாக முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், உயரம் பார்த்து விலக்க முடியுமா? அங்கே ஆசிரியர் கேட்கும் கேள்வியே வேறு. இவளை எடுப்பதா விடுவதா என்று அவர் கேட்க முடியாது, இவளுக்கு எந்த வாத்தியம் பொருந்தும் என்றுதான் கேட்பார். மூச்சு நீளமானவளுக்கு மெலோடிகா. கை சோர்ந்தாலும் காலம் மாறாதவளுக்கு பேஸ் ட்ரம். எண்ணிக்கையில் கெட்டியானவளுக்குச் சிம்பல். நெடுநேரம் சும்மா நின்று சரியான ஓர் இடத்தில் மட்டும் தட்டுவது இலேசான வேலையல்ல. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளும் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்காக எல்லாரையும் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. ட்ரம் வரிசையில் ஒருத்தி முந்தி ஓடினால் மைதானத்தில் நடக்கும் அத்தனை கால்களும் தடுமாறும். தெரிவு அவசியம். அது காதால் நடக்க வேண்டும், எல்லாருக்கும் முன்னால் நடக்க வேண்டும், சோதனைக்கு முன் பழகுவதற்குக் காலம் கொடுத்து நடக்க வேண்டும்.

பழகுவதற்கு ட்ரம் தேவையில்லை. ஒரு பலகைத் துண்டில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டி, இரண்டு குச்சிகளைக் கையில் கொடுத்தால் போதும். தேய்ந்த பாட்டாச் செருப்பின் அடிப்பாகமும் அதே வேலையைச் செய்யும். வலக்கையால் எட்டுத் தட்டு, இடக்கையால் எட்டுத் தட்டு, இரண்டும் ஒரே சத்தமாக வரும்வரை. பிறகு வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம். உலகமெங்கும் ட்ரம் பழகுபவர்கள் முதலில் கற்கும் இந்தப் பாடத்துக்குப் பாராடிடில் என்று பெயர். மூன்றாம் தவணையில் கிழமைக்கு இரண்டு நாள், அரை மணித்தியாலம் பழக்கினால் ஒரு பிள்ளைக்கு எது வரும், எது வராது என்று ஆசிரியைக்கும் தெரிந்துவிடும், பிள்ளைக்கும் தெரிந்துவிடும். ஜனவரியில் அவசர அவசரமாகத் தெரிவு செய்வதால்தான் ஏற்கெனவே எங்கோ பழகியவளும் ரீச்சருக்குத் தெரிந்தவளும் மட்டும் உள்ளே வருகிறார்கள்.

சோதனையும் பெரிய வித்தையல்ல. ஆசிரியை நான்கு எண்ணிக்கைக்கு ஒரு தாளத்தைத் தட்டட்டும், பிள்ளை அதைத் திருப்பித் தட்டட்டும். அடுத்து, நின்ற இடத்தில் கால் மாற்றிக்கொண்டே தட்டட்டும். இருந்து தட்டும்போது பிசகாத பல பிள்ளைகள் கால் அசைந்ததும் தடுமாறுவார்கள். மூன்றாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. எட்டு எண்ணிக்கை தட்டியதும் நிறுத்த வேண்டும். அடுத்த எட்டையும் மனதுக்குள் எண்ணிவிட்டுச் சரியான இடத்தில் மீண்டும் தொடங்க வேண்டும். பதற்றக்காரி முந்தி வருவாள், கனவு காண்பவள் பிந்தி வருவாள். வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி நூல் பிடித்ததுபோல வந்து சேர்வாள். கடைசியாக, மிக மெதுவாகத் தட்டச் சொல்ல வேண்டும். ஓங்கி அடிப்பது எவருக்கும் வரும்.

அமெரிக்காவில் ட்ரம் கோர் என்று அழைக்கப்படும் இளைஞர் குழுக்கள் இருக்கின்றன. பித்தளை ஊதுவாத்தியம், தாள வாத்தியம், கொடி வீசுவோர் என்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து கோடை முழுவதும் ஊர் ஊராகச் சென்று போட்டியிடுவார்கள். 1972 இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் வைட்வோட்டர் நகரில் ட்ரம் கோர்ப்ஸ் இன்டர்நெஷனல் அமைப்பின் முதலாவது சம்பியன் போட்டி நடந்தது. அங்கே தெரிவு குளிர்காலப் பயிற்சி முகாம்களில் நடக்கும். சோதிக்கப்படும் பயிற்சிகளை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். எதைக் கேட்கப்போகிறோம் என்பதில் இரகசியம் கிடையாது. வேறு வேறு அளவான பேஸ் ட்ரம்களை ஆளுக்கொன்றாகச் சுமந்து, ஒரே தாள ஓட்டத்தை ஆளுக்கொரு தட்டாகப் பிரித்து அடிக்கும் வரிசை ஒன்று அங்கே உண்டு. தனியாக எவ்வளவு திறமை காட்டினாலும் பக்கத்தில் நிற்பவரைக் கேட்கத் தெரியாதவருக்கு அதில் இடமில்லை. தெரிவாகாதவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் திரும்பி வருபவர்கள் பலர். 22 வயதோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும் என்பதால் அந்த ஆண்டுகளுக்கு அவ்வளவு பெறுமதி.

அவர்களிடம் எல்லாமே நல்லது என்று நினைக்க வேண்டாம். உறுப்பினர் கட்டும் கட்டணம் பல ஆயிரம் டொலர். அங்கும் பணம் ஒரு வாசலில் நிற்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முன்கூட்டியே சொல்லும் வழக்கத்தையும், இல்லை என்பதற்குக் காரணம் சொல்லும் வழக்கத்தையும்தான்.

பெற்றோரிடமும் பேச வேண்டியது உண்டு. ட்ரம் ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். சிங்களப் புத்தாண்டில் பெரிய ரபானைச் சுற்றி இருந்து தட்டுபவர்கள் பெண்கள்தானே. பயிற்சி முடிய நேரமாகிறது, தனியாக வருகிறாள், உடுப்பு உடலை மறைக்க வேண்டும் என்ற கவலைகள் வேறு. அவை நியாயமானவை. சோதனைக்கு முன்பே பாடசாலை அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், சீருடை எப்படித் தைக்கப்படும் என்று எழுதிக் கொடுத்துச் சம்மதம் வாங்கட்டும். பெயர் வந்த பிறகு வீட்டில் மறுத்தால் பிள்ளைக்கு இரட்டை அவமானம்.

சீருடையைப் பாடசாலையே வைத்துக்கொள்ளலாம். ட்ரம்மைப் பாடசாலைச் சொத்தாக வைத்துக்கொண்டு, சட்டையை மட்டும் பிள்ளையின் வாப்பா தலையில் ஏன் கட்ட வேண்டும்? பழைய மாணவிகள் ஒரு தடவை சேர்ந்து தைத்துக் கொடுத்தால் ஆண்டுதோறும் கை மாறிக்கொண்டே வரும். விளிம்பில் இரண்டு அங்குலம் விட்டுத் தைத்தால் கட்டையானவளுக்கும் நெட்டையானவளுக்கும் பொருந்தும். தையல் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும்.

தெரிவாகாதவர்களில் முதல் ஐந்து ஆறு பேரையாவது மாற்று உறுப்பினராகப் பட்டியலில் சேர்த்து, ஒத்திகை அத்தனைக்கும் கூப்பிட வேண்டும். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையோடு விலகும்போது அவர்களுடைய இடத்துக்குப் புதிதாக ஆள் தேட வேண்டி வராது. விளையாட்டுப் போட்டியன்று காய்ச்சலில் படுப்பவள் ஒருத்தியாவது இருப்பாள் என்பதும் அனுபவத்தில் கண்டது.

பட்டியலில் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதுவதற்கு ஆசிரியைக்கு எவ்வளவு நேரம் செல்லும்? “கால் மாற்றும்போது வேகம் கூடுகிறது, அடுத்த தவணை வரவும்.” “இடக்கை மெலிவு, பலகையில் பழகவும்.” விலக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இதைத் தனித்தனித் துண்டில் எழுதிக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டிவிட்டு, குசினிப் பலகையை எடுத்து வைத்துத் தட்டத் தொடங்கும் பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள்.