எங்கள் வயலில் பெய்த மழை யார் கணக்கில்?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் பிரிவு)



மழைக்காலம் வந்துவிட்டால் சென்னைவாசிகளுக்கு இரண்டு பெயர்கள் மனப்பாடம். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். இங்கே இத்தனை சென்டிமீட்டர், அங்கே இத்தனை சென்டிமீட்டர் என்று செய்தியில் சொல்வார்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நடுவில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்! நான் குடியிருக்கும் அபிராமபுரத்தில் பெய்வது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது மழை. அதனால் நமக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. பேன்ட்டை மடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து காலேஜ் வந்துவிடுகிறோம். வயலுக்கு அப்படி இல்லை என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா இன்று அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் ரூமை ஒட்டிய அறைதான் எங்கள் வீடு. 2021 ஜனவரி வரை அவர் ஒரு விவசாயி.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் எங்களுக்கு ஐந்து மா நிலம். (மூன்று மா ஓர் ஏக்கர். நம்ம சிவில் பிரிவு நண்பர்களுக்கே இந்த அளவு தெரியாது என்று போன வாரம்தான் கண்டுபிடித்தேன்!) அந்த வருஷம் சம்பா நன்றாக வந்திருந்தது. டிசம்பரோடு முடியவேண்டிய வடகிழக்குப் பருவமழை ஜனவரியிலும் விடவில்லை. பொங்கல் சமயத்தில் டெல்டா முழுக்கக் கொட்டியது. முற்றிய கதிர் சாய்ந்தது. எங்கள் வயல் பள்ளத்தில் இருப்பதால் எட்டு நாள் தண்ணீர் வடியவில்லை. கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. முளைத்த கதிரைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

பயிர்க் காப்பீடு செய்திருந்தோம். ஆனால் எங்கள் கிராமத்துக்கு இழப்பீடு இல்லை என்று வந்துவிட்டது. "நம்ம வயலை யாரும் வந்து பாக்கவே இல்லியேப்பா?" என்று கேட்டேன். "பாத்தாங்கடா தம்பி. நாலு எடத்துல அறுத்துப் பாத்தாங்க. நாலும் மேட்டு வயல்" என்றார். அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது உரக்கடைக் கடனுக்குப் போயிற்று. அந்த ஜூன் மாதமே மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்துவிட்டோம்.

அந்த நாலு இடம் என்ன கணக்கு என்று பாலிடெக்னிக் சேர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், சம்பா போன்ற பருவப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. நெல் போன்ற முக்கியப் பயிருக்கு ஒரு கிராமத்தில் நான்கு இடத்தில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்கிறார்கள். ஒவ்வோர் இடமும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர். அதாவது நான்கும் சேர்ந்து 100 சதுர மீட்டர். நம்ம வகுப்பறை ஒன்றரை இருக்கும். அதில் கிடைத்த நெல்லை எடைபோட்டு ஊருக்கே சராசரி எடுக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து ஓர் எல்லை மகசூல் வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சராசரி அதற்குக் கீழே போனால்தான் பணம்.

இதைத் திட்டுவது சுலபம். நானும் முதலில் திட்டினேன். ஆனால் இந்த முறையை உருவாக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1940-களில் மஹலநோபிஸும் சுகாத்மேயும் இதற்காக உழைத்திருக்கிறார்கள். குத்துமதிப்பாக "எட்டணா விளைச்சல், பத்தணா விளைச்சல்" என்று எழுதிவந்த காலத்தில், குலுக்கல் முறையில் இடம் தேர்ந்தெடுத்து அறுத்துப் பார்ப்பது பெரிய முன்னேற்றம். நாட்டுக்கு, மாவட்டத்துக்கு அது சரியான கணக்கே சொல்லும். ஊருக்குள்ளே மேடு எது பள்ளம் எது என்று அது சொல்லாது. சராசரி பொய் சொல்லவில்லை, தோழர்களே. என் அப்பா அந்தச் சராசரியில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அறுப்பதற்கு முன்பே விளைச்சலைக் கணிக்க முடியாதா? முடியும். செய்துகொண்டும் இருக்கிறார்கள். 1932-லேயே புனேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கியாகிவிட்டது. எல்.ஏ. ராமதாஸ் அதன் முன்னோடி. பயிருக்குக் காலண்டர் தெரியாது, வெப்பம்தான் தெரியும் என்பது இந்த இயலின் பாலபாடம். பகல் உச்ச வெப்பம் 32 டிகிரி, இரவுக் குறைந்த வெப்பம் 24 என்றால் சராசரி 28. நெல்லுக்கு அடிப்படை 10 டிகிரியைக் கழித்தால் அன்றைய கணக்கில் 18. இப்படித் தினமும் கூட்டிக்கொண்டே வந்தால், பயிர் எப்போது தண்டு உருளும், எப்போது பூக்கும் என்று சொல்லிவிடலாம். பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் அதிகமாகும். கதிர் முற்றும் கடைசி ஒரு மாதம் வெயில் கிடைக்காமல் மேகம் மூடிக்கிடந்தால் மணி எடை குறையும். இதையெல்லாம் சமன்பாடாக்கி, மழையளவையும் சேர்த்துக் கணினியில் போட்டால் மகசூல் வருகிறது. டெல்லியில் 2012-இல் தொடங்கிய மஹலநோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் வானிலை, செயற்கைக்கோள், களத்தகவல் மூன்றையும் சேர்த்து இந்த வேலையைச் செய்கிறது.

இதில் தப்பு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022-இன் கோதுமையே சாட்சி. அந்த பிப்ரவரியில் மத்திய அரசின் மதிப்பீடு 11 கோடியே 13 லட்சம் டன். அடுத்து வந்த மார்ச், 1901-இலிருந்து பதிவான மார்ச்சுகளிலேயே அதிக வெப்பமானது. பால் பிடிக்கும் பருவத்தில் கோதுமை சுருங்கியது. மே மாதம் மதிப்பீடு 10 கோடியே 64 லட்சமாக இறங்கியது. மே 13-ஆம் தேதி ஏற்றுமதிக்கே தடை போட்டார்கள். இரண்டு மூன்று வார வெயில் உலகச் சந்தையையே ஆட்டிவிட்டது!

நம் தமிழ்நாடும் சளைத்ததில்லை. நவம்பர், டிசம்பரில் டெல்டாவின் மேல் மேகம்தான் இருக்கும், சாதாரண செயற்கைக்கோள் படத்தில் பஞ்சு மூட்டை மட்டுமே தெரியும். அதனால் கோவை வேளாண் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து ரேடார் படங்களைப் பயன்படுத்தியது. ரேடார் அலை மேகத்தை ஊடுருவும். தண்ணீர் நிற்கும் வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். அதிலிருந்து இலைப் பரப்பைக் கணித்து, வானிலைத் தகவலோடு 'ஒரைசா' என்ற பயிர் மாதிரியில் கொடுத்தால் மகசூல் வரும். நாம் ஆன்டெனா பாடத்தில் மார்க்குக்காகப் படிக்கிற அதே விஷயம்தான்!

"அப்புறம் என்னடா, சாட்டிலைட்டே வயல் வயலாப் பாத்துடுமே?" என்று என் பெஞ்ச் நண்பன் கேட்டான். பார்க்கும்தான். ஆனால் சென்டினல்-1ஏ போன்ற ரேடார் செயற்கைக்கோள் ஒன்று அதே இடத்தை அதே பாதையில் மறுபடி பார்க்கப் பன்னிரண்டு நாள் ஆகும். எங்கள் வயலில் தண்ணீர் நின்றது எட்டு நாள். இரண்டு படங்களுக்கு நடுவில் வந்து, நடுவிலேயே வடிந்தும் போகலாம். கதிருக்குள் நெல் முளைத்திருப்பது மேலிருந்து தெரியப்போவதும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது வயல் பக்கத்தில் அளந்த மழைக்கணக்கு. அது பல மைலுக்கு அப்பால் இருக்கும் மழைமானியின் கணக்கு என்றால், எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் அடுத்த ஊர் மழையில் நம்ம ஊர் நெல்லை விளைவிக்கும்.

இதை அரசாங்கமும் உணர்ந்திருக்கிறது. 2023 முதல் நெல், கோதுமைக் காப்பீட்டில் தொழில்நுட்ப மகசூல் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவிகித இடம் கொடுக்கவேண்டும் என்று வந்தது. வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையமும், ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானியும் வைப்பது 'விண்ட்ஸ்' என்ற திட்டத்தின் நோக்கம். வரவேற்கிறேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வைப்பது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வது யார்?

இந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. புராஜெக்டுக்காக நான் செய்ததே ஒரு மழைமானிதான். புனலில் விழும் தண்ணீர் ஒரு சின்ன ஏற்றத்தட்டில் நிரம்பும். ஒவ்வொரு முறை தட்டு கவிழும்போதும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சை மூடும். ஒரு பல்ஸ் வரும். பல்ஸை எண்ணினால் மழையளவு. ஆர்டுயினோ போர்டு, பழைய செல்போன் சார்ஜர், பி.வி.சி. பைப்... அவ்வளவே. அபிராமபுரத்தில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில், செயலாளர் சாரிடம் அனுமதி வாங்கி வைத்தேன். முதல் இரண்டு மழைக்கு அருமையாக வேலை செய்தது. மூன்றாவது மழையன்று இரவு முழுக்கக் கொட்டியது. கேட் பக்கத்தில் நின்ற அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். நான் பெருமையாக லேப்டாப்பைத் திறந்தேன். மழையளவு: பூஜ்யம்!

மேலே போய்ப் பார்த்தால் புனலில் இரண்டு மாவிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா சிரிக்கவில்லை. "இந்த மிஷின் சொல்றத வச்சுத்தான் பணம் குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று என் ஈகோ பஞ்சர். அதைவிடப் பெரிய பயம், இதே மாதிரி ஒரு பூஜ்யம் ஏதாவது ஊராட்சி அலுவலக மாடியிலிருந்து கணக்கில் ஏறிவிட்டால்? வறட்சி நிவாரணம் தப்பான ஊருக்குப் போகும், வெள்ள நிவாரணம் சரியான ஊருக்குப் போகாது.

மாவிலை எடுக்க விஞ்ஞானி வேண்டாம். கருவியை மாதம் ஒருமுறை திறந்து துடைத்து, அளந்த தண்ணீரை ஊற்றிச் சரிபார்த்து, பாட்டரி வோல்டேஜ் குறித்துவைக்கத் தெரிந்த ஒரு டிப்ளமோக்காரன் போதும். அதனால் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. வட்டாரத்துக்கு ஒருவர் என்று பராமரிப்புப் பணியிடம் போடுங்கள், அதில் பாலிடெக்னிக் மாணவர்களை எடுங்கள். எங்கள் கடைசி செமஸ்டர் புராஜெக்டாக இதைக் கொடுங்கள். வருஷா வருஷம் அதே டிராஃபிக் லைட் கன்ட்ரோலரை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி ஒட்டுவதைவிட இது மேல் இல்லையா? (யார் மனதையும் புண்படுத்த அல்ல, நண்பர்களே!) அன்றன்றைய மழையளவை ஊராட்சிப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். தப்பாக இருந்தால் ஊரில் யாராவது ஒருவர் "நேத்து ராத்திரி பெஞ்சுதே" என்று சொல்லிவிடுவார். நாலு இடத்தில் அறுக்கும்போது பள்ளத்து வயலில் ஒன்றாவது இருக்கும்படி, மேடு பள்ளம் பிரித்து அதற்குள் குலுக்கல் போடட்டும். புள்ளியியலில் அதற்கும் முறை இருக்கிறது.

எங்கள் ஐந்து மாவை இப்போது மாமா சாகுபடி செய்கிறார். செமஸ்டர் முடிந்ததும் என் மழைமானியை ஊருக்கு எடுத்துப்போய் அவருடைய மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், மரம் இல்லாத வெட்டவெளியில் கம்பம் நட்டு வைப்பதாகத் திட்டம். புனல் மேலே கொசுவலைத் துண்டு ஒன்று கட்டியாகிவிட்டது. அப்பாதான் கட்டினார்.