ஸ்விஃப்ட் பொடியளும் கலாசாரக் காவலரும்

நல்லூர்ப் பக்கம் சின்னக் கார் ஒன்று சத்தத்தோடு போனால், சந்தியில் நிற்கிற பெரியவர்களின் வாயில் முதல் வாற சொல் 'கலாசாரம்'. அடுத்தது 'வெளிநாட்டுக் காசு'. அதற்கடுத்தது 'கொண்ணை அனுப்பினவரோ?' என்ற கேள்வி. அது காருக்குள் இருக்கிறவனுக்குக் கேட்காது, பக்கத்தில் சைக்கிளோடு நிற்கிற எங்களுக்குத்தான் கேட்கும். மறுபக்கத்தில் கார்க்காரப் பொடியள். 'எங்கட உழைப்பு, எங்கட கார், உங்களுக்கென்ன?' இதுதான் அவையின்ர ஒரே பதில்.

இரண்டு பகுதியும் பிழையான சண்டையைப் பிடிக்குது என்பது எங்கள் கட்சி. இது கலாசாரப் பிரச்சினை இல்லை, தனிப்பட்ட விருப்பமும் இல்லை. இது றோட்டுப் பிரச்சினை. ஒருவர் வேகமாகப் போவதற்கு மற்றவர் எவ்வளவு ஒதுங்கவேணும் என்ற கணக்கு.

முதலில் காருக்காகக் கதைப்பம், ஏனெண்டால் அதற்காக ஒழுங்காகக் கதைக்க ஆளில்லை.

நல்லூரில் வீடு என்றால் ஒழுங்கைக்குள் ஒழுங்கை. முந்தி கிடுகு வேலி. கார் கொஞ்சம் உரசினாலும் வேலி வளைந்து கொடுக்கும். இப்ப எல்லா இடமும் மதில். மதில் வளையாது, கார்தான் கீறுப்படும். நாலு மீற்றருக்குக் குறைந்த நீளமுள்ள ஒரு ஸ்விஃப்ட் அல்லது விட்ஸ் அந்த முடக்கில் ஒரே திருப்பில் உள்ளே போகும். பெரிய ஜீப் மூன்று தரம் பின்னுக்கும் முன்னுக்கும் இழுபடும். இதைவிடப் பெரிய காரணம் எதற்கு?

பிறகு வரி. இந்த நாட்டில் எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துத்தான் காருக்கு வரி. ஆயிரம் சிசிக்குள் நின்றால் வரி குறைவு. 996 சிசி விட்ஸும் 660 சிசி வாகன்ஆரும் எங்கட ஒழுங்கைகளை நிரப்பியதற்கு அழகு காரணமில்லை, இந்த வரிதான் காரணம். அதற்குப் பிறகும் ஒருவன் 1200, 1300 சிசி ஸ்விஃப்ட் வேணும் என்று நின்றால், அந்த மேலதிக இருநூறு முந்நூறு சிசிதான் அவனுடைய ஆசை. அதற்கு அவன் லீசிங்கில் மாசம் மாசம் விலை கட்டுறான். ஆசைக்கு இவ்வளவு துல்லியமான அளவுகோல் வேறு எங்கும் கிடையாது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. பல வருசம் ஓடின கார்கூட வாங்கின விலையைவிடக் கூடப் போனது. ரூபாய் கரைந்துகொண்டிருந்த நேரத்தில் வங்கிப் புத்தகத்தைவிடக் கராஜில் நின்ற கார் நல்ல சேமிப்பு. 'ஊதாரி' என்று பெயர் வாங்கின பொடியன் அந்த ஐந்து வருசத்தில் மாமாவை விடக் கெட்டிக்காரனாக வெளியில் வந்தான் என்பதை மாமா இன்னும் ஒப்புக்கொள்ளேல்லை.

2022ஐ மறக்கேலாது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் அடுத்த ஜூன் கடைசியில் 470. பிறகு கியூஆர் அட்டை. தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த இருபது லீற்றரில் சின்னக் கார் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். பெரிய பெற்றோல் ஜீப் அதில் பாதி. வரிசையில் படுத்து எழும்பினவனுக்குச் சின்னக் காரின் அருமையைப் புத்தகம் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஆக, சின்னக் கார் சரி. 'சூடான' சின்னக் கார் ஏன் என்றுதான் கேள்வி.

இங்கிலிசில் இதற்கு 'ஹொட் ஹட்ச்' என்று பெயர். குடும்பக் காரின் உடம்பு, மேல்நோக்கித் திறக்கிற பின்கதவு, உள்ளே கொஞ்சம் கோபக்கார எஞ்சின். எங்கட ஊருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று நினைக்காதேங்கோ. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959இல் மினியையும் வடிவமைத்தவர். மொறிஸ் மைனர் எங்கட தாத்தாமாரின் கலியாணக் கார். மினியின் எஞ்சினை 1961இல் ஜோன் கூப்பர் முறுக்கிவிட, அது 1964, 65, 67ஆம் ஆண்டுகளில் மொன்ரி கார்லோ ராலியில் பெரிய கார்களைத் தோற்கடித்தது. (மினியின் பின்கதவு அப்படித் திறக்காது என்று சண்டைக்கு வரவேண்டாம், குணம் அதுதான்.) 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிரிஐ, 1.6 லீற்றர் எஞ்சினில் 110 குதிரைவலு. சுசுகி 2005இல் அதே அளவு எஞ்சினில் 125 குதிரைவலுவோடு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை விட்டது. 2017இல் வந்தது 1.4 லீற்றர் டேர்போ, 140 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு.

இந்தக் கார்களின் இரகசியம் உச்ச வேகம் இல்லை, எடை. பாரம் குறைந்த கார் முடக்கில் சொன்ன சொல் கேட்கும். இரண்டாம் மூன்றாம் கியரில், நாற்பது ஐம்பதில் போகும்போதே அதன் சந்தோசம் கையில் தெரியும். நல்ல சாரதிக்கு அது போதும்.

ஆனால் அந்தக் கார் எந்த நிலத்துக்காகச் செய்தது? மொன்ரி கார்லோ என்றால் அல்ப்ஸ் மலை, கொண்டை ஊசி வளைவுகள். எங்கட குடாநாடோ சுண்ணாம்புக்கல்லில் பலகை மாதிரிக் கிடக்குது. மலை இல்லை, ஏற்றம் இல்லை. வளைவு இருக்கிற ஒரே இடம் ஒழுங்கை. அங்கே ஒவ்வொரு வளைவிலும் மதில், மதிலுக்கு அப்பால் என்ன வருது என்று தெரியாது. ஆச்சி வரலாம், ஆட்டுக்குட்டி வரலாம், ரியூசன் முடிந்த பிள்ளை வரலாம். அதனால் காரின் உண்மையான திறமையைக் காட்ட இடமே இல்லை. மிச்சம் இருக்கிறது நேர் றோட்டு. பண்ணைப் பாலம் தாண்டி இரண்டு பக்கமும் கடல் கிடக்கிற ஊர்காவற்றுறைப் பாதை, இருபாலை தாண்டிக் கோப்பாய், நீர்வேலித் தோட்டவெளி. நேர் றோட்டில் எந்தக் காரும் ஓடும். ரிப்பரும் ஓடும். ஆகவே வித்தியாசம் காட்டச் சத்தம் வேண்டியிருக்குது. பெரிய வாய்ச் சைலன்சர் வாறது இந்த இடத்தில்தான். 'ஸ்போர்ட்' என்று பின்னால் மின்னுகிற எழுத்தும் பாதிக் கார்களில் கடையில் வாங்கி ஒட்டினது. அதில் எங்களுக்குக் கோபமில்லை, எழுத்து ஒருவரையும் இடிக்காது.

உண்மையில் இந்தக் கார்கள் செய்யிற வேலையைப் பாருங்கோ. காலையில் கந்தோர். பிறகு அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்கு ஏற்றி இறக்குவது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி. கனடாவிலிருந்து வாற சித்தியைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா. ஞாயிறு பின்னேரம் கசூரினா. பத்தில் ஒன்பது ஓட்டம் இப்படித்தான். மிச்ச ஒன்றுதான் இரவு ஒன்பதுக்குப் பிறகு, ஜன்னலைத் திறந்துவிட்டு, போக இடமில்லாமல் போய்வாற ஓட்டம்.

அந்தப் பத்தாவது ஓட்டத்தைப் பெரியவர்கள் 'கொழுப்பு' என்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டம். இந்த ஊரின் பாதை எத்தனை வருசம் மூடிக்கிடந்தது? 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால்தான் அந்த அநியாயத்தைத் தாங்கின. இப்பத்தைய எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் விட்டால் தட்டித் தட்டியே செத்துப்போகும். ஏ9 பாதை 2002 பெப்ரவரியில் திறந்தது, 2006 ஓகஸ்ட்டில் மூடினது, மறுபடி திறக்க 2009 ஆனது. பாதை மூடிக்கிடந்த ஊரில் வளர்ந்தவனுக்கு, நினைத்த நேரம் சாவியைத் திருப்பி, ஒருவரிடமும் பாஸ் கேட்காமல் வெளிக்கிடுவது சின்ன விசயம் இல்லை. போக இடமில்லாட்டிலும் போகலாம் என்பதே அவனுக்குப் பெரிது. இது விளங்காமல் கலாசாரம் கதைக்கிறவர்களோடு எங்களுக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்று. கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய ஜீப் அதே வேகத்தில் போனால் இதே பெரியவர்கள் வேட்டியை ஒதுக்கிப்பிடித்து வழி விடுகினம். மணல் ரிப்பர் பறக்கும்போது 'ஒப்பந்தக்காரர், வேலை அவசரம்'. இரண்டு மினிபஸ் ஆள் ஏத்தப் போட்டிபோட்டு ஓடும்போது அது பிழைப்பு. லீசிங்கில் வாங்கின சின்னக் கார் ஓடினால் மட்டும் தமிழினத்தின் சீரழிவு. வேகத்துக்கு எதிரான கோபம் என்றால் எல்லா வேகத்துக்கும் எதிராக வரவேணும். வராட்டில் அது வேகத்தின் மேலுள்ள கோபம் இல்லை, 'இவனெல்லாம் கார் வைத்திருக்கிறானே' என்ற கோபம்.

சரி, கார்க்காரத் தோழர்களே, இப்ப உங்கட பக்கம்.

காலை ஏழு மணிக்குப் பருத்தித்துறை வீதியில் கோயிலடியில் வந்து நில்லுங்கோ. வெள்ளைச் சட்டையும் புத்தகப் பையுமாகச் சைக்கிளில் பிள்ளைகள் சோடி சோடியாகப் போகினம். லுமாலா சைக்கிளில் கரியரில் கத்தரிக்காய்ச் சாக்கோடு ஒரு ஐயா. தடைக்காலம் முழுக்க இந்த ஊரைத் தூக்கிச் சுமந்த வாகனம் சைக்கிள்தான். நோயாளியும், விறகும், பிரேதச் செய்தியும் அதில்தான் போச்சு. இன்றைக்கு அந்தச் சைக்கிள் தார் முடிகிற விளிம்பில், வாய்க்காலுக்கும் உங்கட பக்கக் கண்ணாடிக்கும் இடையில் போகுது. நீங்கள் பின்னால் முறுக்கிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளையின் தோள் ஒருக்கா ஒடுங்குது. உங்களுக்கு அது தெரியாது, ஏனெண்டால் கண்ணாடியில் பார்க்கிற நேரம் அவள் ஒரு புள்ளி. 'நான் ஒருநாளும் ஒருவரையும் இடிச்சதில்லை' என்பீர்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் நீங்கள் இடிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அவள் ஒதுங்கினது.

சட்டப்படி ஊர்மனைக்குள் 50, வெளியில் 70. 140 குதிரைவலு இருந்தாலும் அதுதான், 64 இருந்தாலும் அதுதான். 'எங்கட சுதந்திரம்' என்ற வாதம் இந்த இடத்தில் நொண்டுது. மூடின பாதையால் வந்த தாகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அந்தப் பிள்ளைக்கும் பயமில்லாமல் றோட்டால் போகவேணும் என்ற தாகம்தான்.

வேகம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லேல்லை. வேகம் எங்கட ஊருக்கு ஐரோப்பாவிலிருந்து வந்ததும் இல்லை. மாட்டுவண்டிச் சவாரியைக் கேளுங்கோ. கலாசாரம் கதைக்கிற அதே தாத்தாமார் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தி ரசித்த விளையாட்டு. வயலுக்கு உழவு மாடு, சவாரிக்கு என்று தனியாக ஊட்டி வளர்த்த மாடு. அந்தத் தனி மாடுதான் அவர்களின் ஹொட் ஹட்ச். மாட்டுக்குப் படுகிற அடியைப் பற்றி எங்களுக்கு வேறு சண்டை இருக்கு, அது இன்னொரு நாளைக்கு. இங்கே கவனிக்கவேண்டியது, அவர்கள் அதைச் சந்தை றோட்டில் ஓடேல்லை. சவாரித் திடல் என்று ஒரு வெளியை ஒதுக்கினார்கள். ஓடுகிறது எங்கே, சனம் நிற்கிறது எங்கே என்று பிரித்தார்கள். மாடுகளைத் தரம் பிரித்து, சோடி சேர்த்து, நடுவரை வைத்து ஓடினார்கள். வேகத்துக்கு ஓர் இடமும் ஒரு நாளும் கொடுத்தார்கள்.

இந்த நாட்டின் மற்றப் பகுதிகளில் காருக்கும் அது இருக்கு. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கினது. தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில். அங்கே சின்னக் கார்கள் வகுப்புப் பிரித்து ஓடுகின்றன. தலைக்கவசம், அம்புலன்ஸ், கொடி பிடிக்கிற ஆள் எல்லாம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு இருப்பது பண்ணைப் பாலமும் பொலிஸுக்குத் தெரியாத நேரமும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு வெறும் வெளி, கொஞ்சம் பழைய ரயர், நாலு கூம்பு. கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடினால் ஐம்பதுக்கு மேல் போகாமலே யார் கெட்டிக்காரன் என்று தெரிந்துவிடும். எங்கட மண்ணில் இல்லாத வளைவை நாலு கூம்பு தரும். ஒட்டின எழுத்துக்காரர் பலர் அன்றைக்கு வரமாட்டினம் என்பது வேறு கதை.

'பொடியளைக் கெடுக்கப் போறியளோ?' என்று கேட்பினம். கேட்கட்டும். திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வாகனத்தை மறித்துவிடுகிறார்கள். அந்தக் கெட்டுப்போன பொடியள்தான் அரை மைலுக்கு அப்பால் யாரோ ஒருவரின் வளவுக்குள் காரை விட்டுவிட்டு, செருப்பும் இல்லாமல், மேற்சட்டையும் இல்லாமல் நடந்து வருகிறார்கள். ஊர் இடிந்து விழேல்லை. வீதியை ஒரு காரியத்துக்கென்று ஒதுக்க எங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வருசமும் செய்கிறம். மிச்ச 340 நாளுக்கும் நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவு. கோயிலடியிலிருந்து கல்வியங்காட்டுச் சந்தி மட்டும் றோட்டின் இரண்டு ஓரத்திலும் சைக்கிளுக்கு ஒரு கோடு. பள்ளிக்கூடம் தொடங்கிற, விடுகிற நேரங்களில் அந்தக் கோட்டுக்குள் காரும் வரக்கூடாது, ஜீப்பும் வரக்கூடாது, ரிப்பரும் வரக்கூடாது. பெயின்ற் தர ஆளிருந்தால் தூரிகை பிடிக்க எங்களில் ஆறு பேர் இருக்கிறம். அதில் இரண்டு பேர் ஸ்விஃப்டில்தான் வருவினம்.