பார்வையிட்டால் போதுமா?

தொழிற்சாலைகளுக்கு அழைத்துச் சென்று இயந்திரங்களைக் காட்டிவிட்டால் மாணவர் பொறியியலாளராகிவிடுவர் என்று நம்புவோர் நம்மிடையே உளர். மாத்தளைத் தோட்டப்புறச் சிறுவனுக்குத் தேயிலைத் தொழிற்சாலை புதுமையானதன்று. அதன் நிழலிலேயே அவன் வளர்கின்றான். தாய் கொய்த கொழுந்து அங்கேதான் வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து தேயிலையாகின்றது. உருட்டும் பொறி எவ்விசையால் இயங்குகின்றது, உலர்த்தும் வெப்பம் எவ்வாறு அளவிடப்படுகின்றது என்பனவே அவன் அறியாதவை. அவற்றை விளக்கவல்லவை கணிதமும் பௌதிகமுமேயாம்.

இந்நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களிலேயே. இத்தலைமுறைக் கால இடைவெளியைப் பேருந்துச் சுற்றுலா நிரப்பிவிடுமா? பொறியியற் பீடம் புகுவதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகியவற்றில் உயர்தரச் சித்தி வேண்டும். அவற்றைத் தமிழிற் கற்பிக்க ஆசிரியர் இல்லாத இடத்து மாணவனைப் 'பொறியியலாளனாகுக' என்பது, வீட்டைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைப்பதையே ஒக்கும்.

"பார்த்தால் ஆசை பிறக்குமே" என்பர். பிறக்கும், ஆயின், வழியற்ற ஆசை ஏக்கமாகவே முடியும். தொழிற்சாலைப் பயணம் வேண்டாமென்பதன்று வாதம். அது வகுப்பறையிற் கற்றதன் தொடர்ச்சியாதல் வேண்டும். கல்வி மறுக்கப்பட்டதை மறைக்கும் திரையாதல் ஆகாது. முதலில் ஆசிரியர் வரட்டும். பேருந்து பின்னர் வரலாம்.