வளைவுக்கு அப்பால் யாரோ நடந்து வருகிறார்கள்

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே கனவைத்தான் காண்கிறார்கள். நேரான, அகன்ற நெடுஞ்சாலை எவருடைய கனவிலும் வருவதில்லை. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் ஒடுங்கிய வீதி, ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு, ஒவ்வொரு திருப்பத்திலும் புதியதொரு காட்சி. இதுவே அக்கனவு. அத்தகைய வீதிகளைத் தரம் பிரித்துப் பட்டியலிடுவோர் பெருகிவிட்டனர். எத்தனை வளைவுகள், எவ்வளவு உயரம், எந்த மாதத்தில் போகலாம் என்பனவெல்லாம் அப்பட்டியல்களில் உண்டு. அவ்வீதியின் ஓரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்த விடுபடல் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு உயிர்கள் விலையாகின்றன என்பது என் கருத்து.

முதலில் அந்த இன்பத்தை ஒப்புக்கொள்வோம். நான்கு சக்கர வாகனத்தில் இருப்பவர் கண்ணாடிக்குள் அமர்ந்து மலையைப் பார்க்கிறார். மோட்டார் சைக்கிளில் இருப்பவருக்கு மலை உடம்பிலேயே படுகிறது. வளைவில் வண்டி சாய்கிறது. அதனோடு அவரும் சாய்கிறார். முகத்தில் படும் காற்று குளிர்ந்துகொண்டே போவதை வைத்து எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்று அவரால் சொல்லிவிட முடியும். ஈர மண்ணின் மணத்தையும், தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வரும் வாடிய கொழுந்தின் வாசத்தையும் அவர் தப்பவிடுவதில்லை. இந்த இன்பத்தை இளவயதுக் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. ஐம்பதைக் கடந்தோரும் இதற்காகவே ஆண்டு முழுவதும் பணம் சேர்க்கிறார்கள்.

ஆயினும் இவ்வீதிகளில் பெரும்பாலானவை இன்பத்துக்காக வெட்டப்பட்டவையல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் புண்ணிய தலமாகக் கருதப்படும் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயை எடுத்துக்கொள்வோம். அல்ப்ஸ் மலையில் 2,750 மீற்றருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள அக்கணவாய்க்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் 48 கொண்டையூசி வளைவுகளில் ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் இலக்கமிட்டிருக்கிறார்கள். கார்லோ டொனேகானி என்ற பொறியியலாளர் 1820க்கும் 1825க்கும் இடையில் அதனை அமைத்தார். அக்காலத்தில் லொம்பார்டி ஒஸ்திரியப் பேரரசின் வசமிருந்தது. அதனைத் தன் பிடியில் வைத்திருக்கப் படையும் வண்டிகளும் போவதற்கு ஒரு வழி தேவைப்பட்டது. மிருகங்கள் இழுக்கும் வண்டி செங்குத்தாக ஏறாது. ஆகவே மலையின் சரிவைச் சிறு சிறு துண்டுகளாக்கி, பாதையை மடித்து மடித்து அமைத்தார்கள். இன்று நாம் கொண்டாடும் வளைவு, இழுத்துச் சென்ற மிருகங்களின் களைப்பைத் தணிக்கப் பிறந்ததாகும்.

அமெரிக்காவில் 'டிராகனின் வால்' என்று அழைக்கப்படும் வீதியின் கதை வேறு. வட கரோலினாவுக்கும் டென்னசிக்கும் இடையிலான எல்லையில், யூ.எஸ். 129 நெடுஞ்சாலையில், 11 மைல் தூரத்துக்குள் 318 வளைவுகள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தேசியப் பூங்காவும் பாதுகாக்கப்பட்ட காடும் சூழ்ந்த அந்த 11 மைலில் கிளை வீதி கிடையாது, வீடு கிடையாது, கடை கிடையாது. அங்கும் வேகம் மணிக்கு 30 மைல் என்று மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதன் ஒரு முனையில், விழுந்து நொறுங்கிய மோட்டார் சைக்கிள்களின் பாகங்களைத் தொங்கவிட்ட மரம் ஒன்று உண்டு. அதற்கு 'வெட்க மரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குறுக்கே வர மனிதரே இல்லாத வீதியிலும் வளைவு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்பதற்கு அம்மரமே சாட்சி.

இனி நம் ஊருக்கு வருவோம். பேராதனையில் தொடங்கிக் கம்பளை, புசல்லாவை, ரம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மகா ஓயா வழியாக மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடியில் முடியும் ஏ-5 வீதிக்கு இணையான பாதை இலங்கையில் வேறில்லை என்று துணிந்து சொல்வேன். கம்பளையில் வியர்த்தவர் லபுக்கலையில் நடுங்குவார். கொத்மலை நீர்த்தேக்கம் காலடியில் விரிந்து கிடக்க, ரம்பொடை நீர்வீழ்ச்சி பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைத் தாண்டினால் சீதா எலியவில் அம்மன் கோவில். அதற்கப்பால் மரக்கறித் தோட்டங்கள், வெலிமடையின் படிக்கட்டு வயல்கள். பதுளையைக் கடந்து பிபிலைக்கு இறங்கியதும் குளிர் போய் வறண்ட வலயத்தின் வெக்கை முகத்தில் அறைகிறது. ஈர வலயத்தில் தொடங்கும் ஒருவர், குளிரையும் வெயிலையும் ஒருசேர அனுபவித்து, கிழக்குக் கரையின் உப்புக் காற்றை எட்டிவிடுகிறார்.

இந்த வீதியை ஒரே மூச்சில் ஓடிக் கடப்பதே ஒருகாலத்தில் கனவாக இருந்தது. போர்க்காலத்தில் செங்கலடிக் கறுப்புப் பாலம் இரு தரப்பினரின் ஆளுகைக்கும் இடையிலான எல்லையாகிவிட்டது. அப்பாலத்தைத் தாண்ட வேண்டியவர்கள் சோதனைச் சாவடியில் பொதிகளை அவிழ்த்துக் காட்டிக் காத்து நின்றார்கள். எவருடைய அனுமதியும் கேளாமல் இன்று அவ்வழியே ஓட முடிகிறதென்றால், அது சாதாரணமாகக் கிடைத்த சுதந்திரமன்று. அதனாலேயே அச்சுதந்திரத்தை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

'டிராகனின் வால்' வீதிக்கும் ஏ-5 வீதிக்கும் உள்ள பெரும் வேறுபாடு இதுதான்: நமது வீதியில் மனிதர் நிறைந்திருக்கிறார்கள். மலையகத்தில் வீதியே முற்றம். லயன் அறையின் வாசற்படியிலிருந்து சில அடிகளில் தார் தொடங்கிவிடும் இடங்கள் உண்டு. நடைபாதை பல இடங்களில் இல்லை. பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக வருவதும், கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிய பெண்கள் மலைப் படியிலிருந்து நேரே வீதிக்கு இறங்குவதும், விறகுக் கட்டோடு முதியவர் வளைவின் உட்புறமாக நடப்பதும் அன்றாடக் காட்சிகள். தேயிலையும் மரக்கறியும் ஏற்றிய லொறிகள், முச்சக்கர வண்டிகள், நிறைந்து வழியும் பேருந்துகள் யாவும் அந்த ஒடுங்கிய வழியையே நம்பியிருக்கின்றன.

அம்மக்கள் அங்கு எப்படி வந்தார்கள் என்பதையும் மறத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலை வெட்டப்பட்டபோது, தோட்டங்களிலும் அவற்றுக்கான வீதிகளிலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பே ஊறியது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்தவர்களில் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களுடைய சந்ததியினரைத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்க 2003இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்த வீதியில் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவ்வழியே நூறு கிலோமீற்றர் வேகத்தில் வளைவெடுப்பவர், அந்த முற்றத்தில் தாம் விருந்தாளி என்பதை அறிந்திருக்க வேண்டாமா?

நாளிதழ்களில் விபத்துச் செய்திகளுக்கென்று ஒரு வாய்பாடு உண்டு. "வேகக் கட்டுப்பாட்டை இழந்து வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்தது." ஊரின் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் போதும், செய்தி தயார். இந்த வாக்கியத்தில் காரணம் எதுவும் இல்லை என்பதை எவரும் கவனிப்பதில்லை. காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. வளைவொன்றில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும் பிடிப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கேற்பத் தேவைப்படுகிறது. வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 60 ஆகும்போது, தேவைப்படும் பிடிப்பு ஒன்றரை மடங்காவதில்லை, இரண்டேகால் மடங்காகிறது. மூடுபனி, மழை ஈரம், லொறியிலிருந்து சிந்திய டீசல், சரிந்து விழுந்த சரளை ஆகியவை இருக்கும் பிடிப்பையும் குறைத்துவிடுகின்றன. இன்னொன்று: இடப்புறமாக ஓட்டும் நம் நாட்டில், வலப்புற வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாயும் ஓட்டியின் சக்கரம் தன் பக்கத்தில் இருந்தாலும், தலை எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எதிரே பேருந்து வந்தால் அந்தத் தலைக்கு எந்தக் கவசமும் உதவாது.

வீதிகளின் நிலையோ நாம் அறிந்ததே. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், இதே ஏ-5 வீதியில், ரம்பொடை கெரண்டியெல்லவில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பியோரின் பேருந்து வீழ்ந்ததில் பதினைந்து பேர் மாண்டனர். நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலைகள் சரிந்தன; அப்புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மலையக வீதிகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. வீதி துண்டிக்கப்பட்டால் பயணிக்கு ஒரு விடுமுறைதான் பாழாகிறது. தோட்டத்துக் கர்ப்பிணிப் பெண்ணுக்கோ ஆஸ்பத்திரி அற்றுப்போகிறது.

பேருந்து விபத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். வீதி ஒன்றுதான், வளைவும் ஒன்றுதான். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் மாண்டுபோகும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் அவற்றில் சென்றவர்கள் பெரும் பங்கினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கனவுப் பயணம் போனவர்கள் அல்லர். வேலைக்கும் சந்தைக்கும் போனவர்கள். ஓடுபாதையாக எண்ணி ஒருவர் எடுக்கும் வளைவில், எதிரே பால் கலனோடு ஒருவர் வரக்கூடும்.

ஆகவே மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போக வேண்டும். பயணிகளின் பணம் அம்மக்களின் தேநீர்க் கடைகளுக்கும் பழக் கடைகளுக்கும் சேர வேண்டும். ஆனால் சில வழமைகள் நமக்கு வேண்டும். இதில் சுவிற்சர்லாந்தைப் பார்த்துக் கற்கலாம். அங்கு வாழும் நம்மவர் பலருக்கும் தெரிந்த வழமைதான். மலை வீதிகளில் ஓடும் மஞ்சள் நிறத் தபால் பேருந்து, பார்வை மறைக்கும் வளைவை நெருங்கும்போது மூன்று சுரங்களில் ஊதுகிறது. மலைத் தபால் வீதி என்று அடையாளமிடப்பட்ட இடங்களில் ஏனைய வாகன ஓட்டிகள் அப்பேருந்துச் சாரதியின் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது சட்டம். விலையுயர்ந்த மோட்டார் சைக்கிளில் வருபவரும் ஓரங்கட்டி நிற்கிறார். பொது வாகனத்துக்கே மலையில் முதலிடம் என்ற அவ்விதி நமக்கும் பொருந்தும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. பள்ளத்தை ஒட்டிய வளைவுகளில் உறுதியான தடுப்பு வேலி, மறை வளைவுகளில் குவிவாடி, லயன்களும் பாடசாலைகளும் உள்ள இடங்களில் நடைபாதை, காட்சி பார்க்க நிறுத்துவதற்கு வீதிக்கு வெளியே ஒதுக்கிடம். இவை பெருந்திட்டங்கள் அல்ல. உல்லாசப் பயணிகளை அழைத்து விளம்பரம் செய்யும் நாடு, அந்த விளம்பரப் படத்தில் தெரியும் வீதியின் ஓரத்துக்கு ஒரு வேலி போட்டுத் தருவது குறைந்தபட்சக் கடமையாகும்.

விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த இளைஞருக்கும் ஒரு சொல். கனடாவிலும் பிரான்சிலும் ஜேர்மனியிலும் வலப்புறமாக ஓட்டிப் பழகிய கை, திடீரென்று ஒரு வளைவில் பழைய பக்கத்தையே நாடும். முதல் இரண்டு நாட்கள் சமதரையில் ஓட்டிப் பழகுங்கள். பின்னர் மலைக்கு வாருங்கள். பார்வை எட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே மலையில் சரியான வேகம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வெளிவரும் வழி தெரிந்த பிறகு முடுக்குவதே தேர்ந்தவர்களின் முறை. மெதுவாகப் போனால் இன்பம் குறையும் என்று அஞ்ச வேண்டாம். ரம்பொடையின் இரைச்சலையும் லபுக்கலையின் வாசத்தையும் விரைந்து போகிறவர் அறிய மாட்டார்.

வளைவுக்கு அப்பால் என்ன காட்சி இருக்கும் என்பதே மலைப் பயணியின் ஆவல். அங்கு யாரோ நடந்து வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு வளைவையும் எடுங்கள். மலையகத்தில் அந்த எண்ணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.