மதுரை இலையில் மதுரை மண் எவ்வளவு?

மதுரைக்கு வந்தவன் பசியோடு திரும்பிப் போனான் என்ற பேச்சே கிடையாது. விடியும் முன்னால் ஆவி பறக்கும் இட்லி, பத்து மணிக்குத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ், மதியம் மெஸ்ஸில் இலைச்சாப்பாடு, சாயங்காலம் பருத்திப்பால், வெயிலுக்கு ஜிகர்தண்டா, ராத்திரி கறிதோசை, நடுச்சாமம் தாண்டியும் கொத்துப் பரோட்டா சத்தம். செட்டிநாட்டுச் சமையல் ஒரு தெருவில், சௌராஷ்டிரர் கைப்பக்குவம் இன்னொரு தெருவில், சீரகச் சம்பா பிரியாணி எல்லாத் தெருவிலும். கொஞ்ச காலமாக இவற்றோடு 'சிறுதானிய உணவகம்', 'பாரம்பரிய உணவகம்' என்ற பலகைகளும் சேர்ந்திருக்கின்றன. தினைப் பொங்கல், குதிரைவாலி சாம்பார் சோறு, கருப்புக் கவுனி பாயசம் என்று நாம் விதைக்கிற பெயர்களெல்லாம் விலைப்பட்டியலில் ஏறிவிட்டன.

நம் தோழர்கள் பலருக்கு இதில் பெரிய சந்தோஷம். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் உழவர்களாகிய நாம் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இத்தனை வகைச் சாப்பாட்டில் மதுரையைச் சுற்றியுள்ள மண் எவ்வளவு இருக்கிறது?

இலை நம்முடையது, சோறு?

முதலில் இலையையே எடுத்துக்கொள்வோம். வைகைக் கரையில், சோழவந்தான் பக்கம் விடிகாலையில் அறுத்துக் கட்டிய வாழை இலை அன்றைக்கு மதியமே மதுரை மெஸ்ஸில் விரிகிறது. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் இருந்தது. இலை போட்ட உழவருக்கு அது ஒரு பலம்.

இலை வியாபாரம் ஏன் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைக்குத் தினமும் வேண்டும். பழைய இலையைப் போட முடியாது, அதனால் தூரத்தில் இருந்து வாங்கிக் கட்டுப்படியாகாது. கிழிசலா, முழுசா என்று வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கண்ணால் பார்த்தாலே தெரியும். நடுவில் ஆலை இல்லை, கிட்டங்கி இல்லை, பதுக்க வழியில்லை. ஊர்ப் பொருள் ஊரிலேயே விற்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு வேண்டியதில்லை.

இலையின் மேல் விழுவதைப் பாருங்கள். சோறு எந்த ஊர் நெல் என்று மெஸ்காரருக்கே தெரியாது. ஆலையின் பெயர் தெரியும், மூட்டையில் அச்சடித்த படம் தெரியும், அவ்வளவுதான். சாம்பாரில் வேகிற துவரை வெளிமாநிலத்தில் இருந்து வருகிறது, மியான்மரில் இருந்தும் ஆப்பிரிக்காவில் இருந்தும் கப்பலேறியும் வருகிறது. அப்பளம் பொரிக்கிற எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். இந்த நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்கிறது. கடலையும் எள்ளும் விளைந்த மானாவாரிக் காடு பக்கத்தில் சும்மா கிடக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரையில் எத்தனை சமையலறைக்குள் அந்த மிளகாய் நுழைந்திருக்கிறது?

பருத்திப்பாலின் கதை

மதுரையின் அடையாளம் என்று நாம் மார்தட்டிக்கொள்கிற பருத்திப்பாலையே பார்ப்போம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, திப்பிலி சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். ஏழைத் தொழிலாளியின் சத்து பானம் அது. இந்தப் பக்கத்துக் கரிசல் காட்டில் கருங்கண்ணிப் பருத்தி விளைந்த காலத்தில் கொட்டை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

2002இல் பி.டி. பருத்திக்கு இந்திய அரசு அனுமதி கொடுத்தது. இன்றைக்கு நாட்டில் பருத்தி போட்ட நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்திதான். அப்படியானால் எந்த ஊர், எந்த ரகம் என்று கேட்காமல் சந்தையில் வாங்கும் கொட்டை என்னவாக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பூச்சிக்கொல்லி அதிகமாகத் தெளிக்கப்படும் பயிர்களில் பருத்தி முன்வரிசையில் நிற்பதும் நமக்குத் தெரியும். பெயர் பழைய பெயர், ருசி ஏறக்குறைய பழைய ருசி, ஆனால் விதை நம் கையில் இல்லை. இதில் பருத்திப்பால் விற்கிறவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கருங்கண்ணிக் கொட்டை இந்த விலைக்கு, இந்த நாளில், இவ்வளவு தர முடியும் என்று அவரிடம் போய்ச் சொன்ன உழவர் யாரும் இல்லை.

என் வாதம் இதுதான். ஒரு ஊரின் சாப்பாட்டு வகை அந்த ஊர் நிலத்தின் பயிர் வகையில் இருந்து வந்தது. நிலத்தில் வகை குறைந்த பிறகும் இலையில் வகை கொஞ்ச காலம் நீடிக்கும், மசாலாவும் கைப்பக்குவமும் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் அது வேர் அறுந்த வகை. ஒரே அரிசி, ஒரே எண்ணெய், ஒரே மிளகாய்த் தூளில் ஐம்பது பதார்த்தம் செய்தால் அது ஐம்பது ஆகாது.

ஒரு மெஸ், பன்னிரண்டு ஏக்கர்

இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. ஒரு நடுத்தர மெஸ் தினமும் 25 கிலோ அரிசி பொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 350 நாள் கடை திறந்தால் 8,750 கிலோ அரிசி. அதற்குக் கிட்டத்தட்ட 14,000 கிலோ நெல் வேண்டும். தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ இயற்கை வழியில் ஏக்கருக்கு 1,200 கிலோ எடுத்தால், ஏறக்குறைய 12 ஏக்கர் விளைச்சல் அந்த ஒரு மெஸ்ஸுக்கே சரியாகப் போய்விடும். ஒரு பிஜிஎஸ் குழுவுக்குக் குறைந்தது ஐந்து உழவர் வேண்டும். ஐந்து சிறு உழவர் சேர்ந்தால் 12 ஏக்கர் பெரிய விஷயமில்லை. அதாவது ஒரு குழுவுக்கு ஒரு மெஸ் போதும். மரபு நெல்லைப் போட்டுவிட்டு எங்கே விற்பது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைத் திரும்பவும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடைக்காரர் பக்க நியாயம்

கடைக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டும். நான் பேசிய ஒரு மெஸ்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "அண்ணே, உங்க குதிரைவாலியில கல்லு கெடக்கு. போன வாரம் தந்தது ஒரு பதம், இந்த வாரம் ஒரு பதம். திங்கக்கிழமை கொண்டாரேன்னு சொல்லிட்டு வியாழக்கிழமை வர்றீங்க. அதுவரைக்கும் வர்ற ஆளுக்கு நான் என்னத்தப் போடுறது?" இதில் பொய் ஒன்றும் இல்லை.

பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி வட்டாரத்தில் குதிரைவாலி மானாவாரியில் நன்றாக விளைகிறது. ஆனால் உமி நீக்குவதுதான் பாடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உமியும் தவிடுமாகப் போகும். தவிட்டோடு வைத்தால் சத்து உண்டு, ஆனால் அந்தத் தவிட்டில் உள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டு விழும். அதற்குப் பயந்து வியாபாரி வெள்ளையாகத் தீட்டி விடுகிறார். பலகையில் 'பாரம்பரிய உணவு' என்று எழுதியிருக்கும் கடையில், தவிடு போன சிறுதானியத்தைச் சத்து என்று நம்பிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறார் சர்க்கரை நோயாளி. பக்கத்து உழவருக்கு இருக்கும் இடம் இங்கேதான். தொலைவில் இருந்து வரும் சரக்கு மாதக்கணக்கில் தாங்க வேண்டும், தீட்டாமல் முடியாது. நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் நாம் பதினைந்து நாளைக்கு ஒரு முறை அரைத்துக் கொடுக்கலாம். கல் நீக்கும் இயந்திரமும் உமி நீக்கும் இயந்திரமும் குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும்.

பெரிய ஓட்டலா, கூழ் வண்டியா?

இந்த இடத்தில் சில தோழர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. பெரிய ஓட்டல்களைப் பிடிக்க வேண்டும், அங்கேதான் விலை கிடைக்கும் என்கிறார்கள். விலை கிடைக்கலாம். ஆனால் அங்கே மரபு உணவு என்பது ஒரு வார விழா. வாழைப்பூ வடையும் கவுனி அல்வாவும் ஏழு நாள் வைப்பார்கள், எட்டாம் நாள் வேறு நாட்டுச் சாப்பாடு வந்துவிடும். ஏழு நாள் விழாவை நம்பி 150 நாள் பயிரை யாரும் விதைக்க முடியாது.

நாம் முதலில் போக வேண்டிய இடம் மெஸ்ஸும் இட்லிக் கடையும் கூழ் வண்டியும்தான். அங்கே ஒரே பண்டம் தினமும் போகும். அங்கேதான் சுமை தூக்குபவரும் ஆட்டோ ஓட்டுபவரும் ஆஸ்பத்திரிக்கு வந்தவரும் சாப்பிடுகிறார்கள். நஞ்சில்லா உணவு காசுள்ளவர் நாக்குக்கு மட்டும் என்றால் நம் இயக்கம் எதற்கு?

"அவங்களுக்கு நம்ம விலை கட்டுமா?" என்பது நியாயமான கேள்வி. அரிசியில் தொடங்கினால் கட்டாமல் போகலாம். அதனால் சாப்பாட்டு விலையை ஏற்றாத பொருளில் தொடங்குவோம். கீரை, கறிவேப்பிலை, நாட்டுக் கத்தரி, வாழைப்பூ, வாழைத்தண்டு, மோர் மிளகாய், ஜிகர்தண்டாவுக்கு நன்னாரி. நன்னாரி வேரை இன்னும் மலையில் இருந்து தோண்டியே எடுத்துக்கொண்டிருந்தால் எத்தனை நாளைக்கு வரும்? தோட்டத்தில் வளர்த்துக் கொடுக்கலாமே. மண்டி கமிஷன், சுமைகூலி, கழிவு என்று நாம் நடுவில் இழப்பதைக் கடைக்காரரும் நாமும் பங்கு போட்டுக்கொண்டாலே இந்தப் பொருட்களுக்கு இரண்டு பக்கமும் கட்டும். ஆறு மாதம் சொன்ன நாளில் கொடுத்துக் காட்டினால் அரிசியை அவரே கேட்பார்.

செய்ய வேண்டியது

ஒன்று, விதைத்த பிறகு கடை தேடுவதை நிறுத்துவோம். விதைப்புக்கு முன்னால் கடைக்காரரிடம் போய் எந்த மாதம் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். பட்டம் தெரிந்த கடைக்காரர் கார்த்திகையில் ஒரு கூட்டு, சித்திரையில் ஒரு கூட்டு என்று மாற்றிக்கொள்வார். காய்க்காத காலத்தில் காய் கேட்க மாட்டார்.

இரண்டு, ஒரே உழவர் ஒரு கடையைச் சுமக்க வேண்டாம். ஒருவருக்கு மாடு படுத்துவிட்டால், வீட்டில் ஒரு காரியம் என்றால் இன்னொருவர் கொண்டுபோக வேண்டும். வாரம் இரண்டு நாள் என்றால் இரண்டு நாள்தான், மழை பெய்தாலும்.

மூன்று, 'ஆர்கானிக்' என்ற சொல்லில் கவனமாக இருப்போம். 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அந்தப் பெயரில் விற்கும் பொருளுக்குத் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டச் சான்றோ பிஜிஎஸ் சான்றோ வேண்டும். உழவர் நேரடியாகச் சாப்பிடுபவருக்கு விற்றால் விலக்கு உண்டு, ஆனால் கடைக்குக் கொடுக்கும்போது சான்று கையில் இருப்பதே நல்லது. அதைவிட மேலான சான்று ஒன்றும் உண்டு. கடை வாசலில் ஒரு கரும்பலகை: இன்றைய சோறு என்ன அரிசி, எந்த ஊர், எந்தக் குழு விளைவித்தது. ஊர்ப் பெயரை எழுதிவிட்டால் கலப்படம் செய்யக் கை கூசும், நமக்கும் அவருக்கும்.

நான்கு, கொடுத்ததற்குக் காசு. நேரடி வியாபாரம் பல இடத்தில் முறிந்து போனது கடனால்தான். வாரக் கடைசியில் கணக்கு முடிப்பது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். சொந்தக்காரர் கடை என்றாலும் இதில் தாட்சண்யம் வேண்டாம்.

ஐந்து, அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில்தான் தொடங்கியது. வீட்டுக்குக் காய் வாங்குபவரையும் உழவரையும் அது நேருக்கு நேர் நிறுத்தியது. அதேபோலச் சிறு உணவகங்களுக்கும் உழவர் குழுக்களுக்கும் வாரத்தில் இரண்டு நாள் தனி நேரமும், சந்தைக்குள்ளேயே ஒரு சிறுதானியச் சுத்திகரிப்பு இயந்திரமும் வேண்டும் என்று கேட்போம். பெரிய நிதி கேட்கும் காரியம் இல்லை.

நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராக நடந்து நம்மை விதைக்குத் திருப்பினார். நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட மரபு நெல்லைத் தேடிச் சேர்த்து நம் கையில் கொடுத்தார். விதை திரும்பி வந்துவிட்டது. அது தினமும் உலையில் வெந்தால்தான் வயலிலும் நிலைக்கும், திருவிழாவில் கைமாறுவது மட்டும் போதாது.

அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும் முன், உங்கள் வட்டார டவுனில் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்குப் போங்கள். கூட்டம் குறைந்த மூன்று மணிக்குப் போனால் நிதானமாகப் பேசலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கீரை, எத்தனை இலை என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். குழுக் கூட்டத்தில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்த வயலில் எதை விதைப்பது என்று பேசுவோம்.