லயத்து வீட்டில் வயர் இழுப்பது யார் வேலை?



தோட்டத் தொழிலாளி பல வேலை தெரிந்தவன். பால்மரம் வெட்டுவான், செம்பனைக் குலை தள்ளுவான், கூரை ஒழுகினால் தானே ஏறித் தகரத்தைச் சரி செய்வான், தண்ணீர்க் குழாய் உடைந்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி நிறுத்துவான். "நம் ஆட்களுக்குத் தெரியாத வேலையா?" என்று சொல்லி முதுகைத் தட்டிக் கொடுப்போர் உண்டு. அந்தத் தட்டலில் மயங்கி நாம் இன்னொரு வேலையையும் தலையில் ஏற்றிக் கொண்டோம். அதுதான் வீட்டுக்கு வயர் இழுக்கும் வேலை. இது நம் வேலை அன்று. நம் வேலையாக ஆக்கப்படவும் கூடாது. ஏன் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் தோட்ட ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணி. ரிப்பேர்ப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது. "வீட்டில் ஒரே ஒரு பிளக்தான் உண்டு, இன்னொன்று வேண்டும்." "சுவிட்சைத் தொட்டால் சுரீர் என்கிறது." "மழை பெய்தால் சுவரில் கரண்ட் அடிக்கிறது." இப்படித் தொழிலாளர் சொல்லச் சொல்ல எழுதிக் கொள்கிறேன். எதிர்ப் பக்கத்தில் மேலிடத்திலிருந்து ஒரே சொல் வந்து விழுகிறது: "பார்க்கப்படும்." பார்ப்பவர் யார்? எப்போது? அதற்குப் பதில் இல்லை. மாதங்கள் ஓடுகின்றன. பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது. வீட்டில் விளக்கு வேண்டும். கிழவிக்கு விசிறி வேண்டும். கடைசியில் தொழிலாளி தன் சம்பளத்தில் பத்து இருபது வெள்ளியை எடுத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போகிறான்.

அதன் பிறகு அவன் படும் பாட்டைப் பாருங்கள்! ஓய்வு நாள் அதோடு தொலைந்தது. வாங்கி வந்த வயர் அளந்து பார்த்தால் இரண்டு முழம் குறைகிறது. ஏணி பக்கத்து லயத்தில் இருக்கிறது; அது வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது. சுவரில் ஆணி அடித்தால் சாந்து பொலபொலவென்று உதிர்கிறது. உத்தரத்தில் அடித்தால் கறையான் தின்ற மரம், ஆணியை விழுங்கிவிடுகிறது. பழைய சுவிட்சைக் கழற்றினால் துருப்பிடித்த திருகு பாதியில் முறிகிறது. உள்ளே பார்த்தால் நான்கு வயரும் ஒரே கறுப்பு நிறம்! எது வருவது, எது போவது? முன்பு வேலை செய்தவன் கையில் கிடைத்ததைப் போட்டு முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மணி நேரம் கழித்து விளக்கு எரிகிறது. ஆனால் விசிறி நின்றுவிட்டது. விசிறியைச் சரி செய்தால் பக்கத்து வீட்டில் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரன் கத்துகிறான். மனைவி முணுமுணுக்கிறாள். மறுநாள் விடியுமுன் பெரட்டுக்கு எழவேண்டியவன் இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கும் கையுமாக நிற்கிறான்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

நம் லயங்கள் பல எந்தக் காலத்தில் கட்டப்பட்டவை? ஆலை எஞ்சினிலிருந்து மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம் வந்த காலத்தில் கட்டப்பட்டவை. அன்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ பல்பு, அவ்வளவுதான். அந்தப் பல்புக்காக இழுத்த வயரில்தான் இன்று ஐஸ் பெட்டி ஓடுகிறது; துணி துவைக்கும் இயந்திரம் ஓடுகிறது; சோற்றுப் பானை கொதிக்கிறது; நான்கு கைத்தொலைபேசிகள் தொங்குகின்றன. காலம் மாறியது, வாழ்க்கை மாறியது, வயர் மட்டும் மாறவில்லை!

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கிராணிக்குக் கணக்குத்தானே தெரியும்? மின்சாரச் சோற்றுப் பானை 700 வாட், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் 2,000 வாட், இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று வையுங்கள். மூன்றையும் ஒரே நீட்டு வயரில் மாட்டினால் 3,700 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்தால் 16 அம்பியர். மலிவுக் கடையில் வாங்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் சன்ன வயர் தாங்குவதோ ஏறக்குறைய 6 அம்பியர். "பிளக்கில் 13 அம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்பீர்கள். 13 அம்பியர் ஃபியூஸ் 16 அம்பியரில் உடனே அறுந்துவிடாது. வெகு நேரம் தாங்கும். ஃபியூஸ் பொறுமையாக இருக்கிறது. பாயின் கீழ் ஓடும் வயர் வெந்துகொண்டிருக்கிறது. பிளக் போடும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவன் சொல்வது வீண் பிடிவாதமா?

இரண்டு முழம் குறைந்த வயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி ஒட்டுப் போடுகிறோமே, அதன் கதை இன்னும் மோசம். நம் ஊர் வெப்பத்தில் டேப்பின் பசை இளகிப் பிரிகிறது. முறுக்கு தளர்கிறது. தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கிறது. கரண்ட் கூடவில்லை; ஆகையால் ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஒட்டு மட்டும் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மேலே பலகை, பலகைக்கு மேல் எலிக்கூடு. எலி கடித்த வயரும், வெந்த ஒட்டும், காய்ந்த மரமும் ஒன்று கூடினால் ஒரு வரிசை லயத்துக்கே ஆபத்து அல்லவா?

நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். நம் நாட்டில் வீட்டுச் சுவரில் ஓடும் வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இஸ்திரிப் பெட்டி போன்றவற்றின் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் கம்பத்திலிருந்து வரும் மூன்று பேஸ் வயர்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே லைவ்! ஓரிடத்தில் சாதுவான நீலம் இன்னோரிடத்தில் ஆளைக் கொல்லும். தெரியாதவன் சுவிட்சைக் கறுப்பு வயரில் போட்டுவிட்டால் விளக்கு எரியும், அணையும். எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மாட்டும் இடத்தில் உயிர் இருக்கும். பல்பு மாற்ற மேசைமேல் ஏறியவனுக்கு இதை யார் சொல்வார்?

அடுத்தது எர்த். பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த மூன்றாவது வயரை நம்மில் பலர் "அது வேண்டாம், இரண்டே போதும்" என்று வெட்டி மடித்துவிடுகிறோம். இரண்டிலேயே இயந்திரம் ஓடுவது உண்மைதான். ஆனால் அந்த மூன்றாவது வயர், இயந்திரத்தை ஓட்டுவதற்காக வைத்ததன்று. மனிதனைக் காப்பதற்காக வைத்தது. அதுவும் சும்மா வீட்டுக்குள் தொங்கினால் போதாது; வெளியே மண்ணில் அடித்த எர்த் கம்பியோடு சேர வேண்டும். அப்போதும் மண்ணின் தடை 10 ஓம் இருந்தால் 230 வோல்ட்டில் 23 அம்பியர்தான் ஓடும். 32 அம்பியர் கட்டை கீழே விழாது! அதனால்தான் கசிவைக் கண்டு வெட்டும் கருவி தேவைப்படுகிறது. 60 வாட் பல்பு இழுப்பது 0.26 அம்பியர். அதில் ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 30 மில்லி அம்பியர் கசிந்தாலே அந்தக் கருவி வெட்டிவிட வேண்டும். அதற்கு மேல் உடம்பில் ஓடினால் நெஞ்சு நின்று போகலாம். சுடுநீர்ப் பெட்டி போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லி அம்பியர். நம் லயத்தில் எத்தனை வீட்டில் இந்தக் கருவி இருக்கிறது? சிமெண்டுத் தரை, துவைக்கும் தண்ணீர் தேங்கியிருக்கிறது, வெறுங்காலோடு பிள்ளை வந்து ஐஸ் பெட்டிக் கதவைப் பிடிக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் காவல் யார்?

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். 1990-ஆம் ஆண்டில் நம் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. 446-ஆம் எண் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்கும் வசதிகளுக்கும் உரியது. 447-ஆம் எண் சட்டம் மின்சார விநியோகத்துக்கு உரியது. எண்ணில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்! முதல் சட்டம் என்ன சொல்கிறது? குடியிருப்புக்குப் போதுமான மின்சாரம் தருவதும், கட்டடத்தை நல்ல நிலையில் பழுது பார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்கிறது. இரண்டாவது சட்டத்தின் கீழ் 1994-இல் வந்த மின்சார ஒழுங்குவிதிகள் என்ன சொல்கின்றன? தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் மேற்பார்வையில் வேலை நடக்க வேண்டும். முடிந்த பிறகு நிறைவுச் சான்றிதழும் சோதனைச் சான்றிதழும் தரப்பட வேண்டும் என்கின்றன. மானேஜர் பங்களாவுக்கும் ஆலைக்கும் வயர் இழுத்தால் இந்தச் சான்றிதழ் பத்திரமாக ஃபைலில் ஏறுகிறது. லயத்துக்கு மட்டும் டேப்பும் கத்தியும் போதுமோ? பங்களாவில் ஓடுவதும் 230 வோல்ட். லயத்தில் ஓடுவதும் 230 வோல்ட். மின்சாரம் ஆள் பார்த்து அடிப்பதில்லை.

"நாங்களா இழுக்கச் சொன்னோம்? அனுமதியில்லாமல் வயர் இழுத்தவன் தொழிலாளி; விபத்து நடந்தால் அவனே பொறுப்பு" என்று நிர்வாகத் தரப்பில் பேசுகிறார்கள். நல்ல வாதம்! அதே 446-ஆம் சட்டம், கட்டடத்தில் அனுமதியில்லாத சேர்ப்புகளும் மாற்றங்களும் நடவாமல் பார்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை என்கிறதே, அதைப் படிக்கவில்லையா? கண் எதிரே, வீட்டுக்கு வீடு, கொடிக்கயிறு மாதிரி வயர் தொங்குகிறது. ஆண்டாண்டாகப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். பிளக் கேட்டபோது கொடுக்கவில்லை. தானே போட்டபோது தடுக்கவில்லை. தீப்பிடித்தால் மட்டும் "அனுமதியில்லை" என்று சொல்ல வாய் வருகிறது. மிச்சமான பணம் உங்களுக்கு; சாவு எங்களுக்கா?

நம்மவர் வாதமும் ஒன்று உண்டு. "நம்ம தம்பிக்கு எல்லாம் தெரியும், வயர்மேனைக் கூப்பிட்டால் செலவு" என்கிறார்கள். தம்பி கெட்டிக்காரன்தான், மறுக்கவில்லை. அந்தக் கெட்டிக்காரத் தம்பியை முறையாகப் படிக்க அனுப்புங்கள், சான்றிதழ் வாங்கட்டும், அதே வேலைக்குக் கை நிறையக் கூலி வாங்கட்டும். சான்றிதழ் இல்லாமல் இலவசமாகச் செய்தால் தம்பிக்கும் ஆபத்து. நாளைக்கு ஒரு கெடுதல் நடந்தால் பழியும் அவன் தலையில். செலவு என்கிறீர்களே, அது யார் செலவு? வீடு யாருடையது? வேலையை விட்டுப் போகும் நாளில் சாவியை வாங்கிக்கொள்வது யார்? வீடு அவர்களுடையது என்றால் வீட்டின் வயரும் அவர்களுடையதே.

இது தமிழ்த் தொழிலாளிக்கு மட்டும் உரிய வழக்கன்று. இன்று தோட்டங்களில் இந்தோனேசியத் தோழர்களும், வங்காளதேசத் தோழர்களும், நேப்பாளத் தோழர்களும் வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் பலர். ஒரு பிளக்கில் பத்துக் கைத்தொலைபேசிகள். அவர்களுக்கு ரிப்பேர்ப் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியாது. அவர்கள் அறையில் பற்றிய தீ நம் வீட்டுக் கூரைக்கு வர எத்தனை நேரம்? அவர்களுக்காகவும் நாமே கேட்க வேண்டும்.

"சம்பளப் பேச்சு இருக்கும்போது சுவிட்சுப் பேச்சு எதற்கு?" என்று கேட்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து படுக்கும் இடம் அதுதானே? இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

ஆகவே, கிளைகள் தோறும் உடனே செய்ய வேண்டியவை இவை.

ஒன்று: அடுத்த கிளைக் கூட்டத்துக்குள் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். எத்தனை பிளக், எங்கே ஒட்டு, எங்கே எர்த் இல்லை, கசிவு வெட்டும் கருவி உண்டா இல்லையா என்று எழுதுங்கள். கண்ணால் பார்த்து எழுதுங்கள். எதையும் கழற்ற வேண்டாம்.

இரண்டு: அந்தப் பட்டியலோடு நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கடிதத்தில் தேதி இருக்கட்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பிரதியைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமானால் உங்கள் தோட்டத்துக் கிராணியைக் கேளுங்கள். அவரும் சம்பளம் வாங்கும் மனிதர்தான்.

மூன்று: கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். தகுதி பெற்ற வயர்மேன், நிர்வாகச் செலவில், லயம் முழுவதையும் சோதித்து மாற்ற வேண்டும். சோதனைச் சான்றிதழைத் தொழிலாளர் பார்க்கும்படி காட்ட வேண்டும்.

நான்கு: அது நடக்கும் வரையில் நாமும் கட்டுப்பாட்டோடு இருப்போம். ஒரு நீட்டு வயரில் கெட்டிலையும் சோற்றுப் பானையையும் சேர்த்து மாட்டாதீர்கள். அறுந்த ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றாதீர்கள். கசிவு வெட்டும் கருவி இருக்கும் வீட்டில் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே ஆபீசுக்கு வாருங்கள். தொட்டால் சுரீர் என்னும் பெட்டியை "கொஞ்சம்தான் அடிக்கிறது" என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்து மலிவு வீடுகளுக்குக் குடிபோன நம்மவருக்கும் இது பொருந்தும். அங்கே வீடு உங்களுடையது. ஆகையால் வயர்மேன் கூலியும் உங்களுடையது. கதவுக்கும் ஜன்னலுக்கும் சாயம் பூசச் செலவழிப்பதற்கு முன் அந்தக் கூலியைக் கொடுங்கள்.

ஓய்வு நாள் தொழிலாளிக்கு ஓய்வுக்காகவே உள்ளது. அந்த நாளில் பிள்ளையோடு உட்காரட்டும், பத்திரிகை படிக்கட்டும், கிளைக் கூட்டத்துக்கு வரட்டும். ஏணியில் ஏறி, நிறம் தெரியாத வயரைப் பல்லால் கடித்து உரிக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு வேண்டாம். ரிப்பேர்ப் புத்தகத்தில் "பார்க்கப்படும்" என்று இனி எழுதினால், "எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் ஏச்சு விழும். லயம் முழுவதும் சேர்ந்து கேளுங்கள். தேதியைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.