சுற்றத்தாரும் கேளிக்கைப் பூங்காவும்

கோடை விடுமுறை வந்ததும், எங்கே செல்வது என்னும் வினாவோடு, யாரோடு செல்வது என்னும் வினாவும் நம் இல்லங்களில் எழுகின்றது. முன்னாளில் சுற்றத்தார் ஒருங்குகூடிச் செய்யும் பிரயாணம் பெரும்பாலும் ஒரு கலியாணத்தையோ திருவிழாவையோ நோக்கியதாயிருந்தது. இந்நாளிலோ 'தீம் பார்க்' என்று ஜனங்கள் வழங்கும் கேளிக்கைப் பூங்காக்களும் அவ்வரிசையில் வந்து சேர்ந்துவிட்டன. கடல் கடந்து சென்று தொழில் புரியும் நம் பழைய மாணவர்கள் ஊரிலிருந்து பெரியோரை வரவழைத்தால், சில நாட்களில் அவர்களை இத்தகைய பூங்காவொன்றுக்கு அழைத்துச் செல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சென்று மீண்டவர்களிற் பலர், "இனி இவர்களோடு ஒரு பயணமும் வேண்டாம்" என்று சொல்லக் கேட்கின்றோம். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னவரே. அச்சொல் நீதியானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பூங்காக்கள் தோன்றிய வரலாற்றை முதலில் சிறிது நோக்குவோம். சித்திரப் படங்களால் உலகப் புகழ் பெற்ற வால்ட் டிஸ்னி என்பார், தம் பெண்மக்கள் இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். குழந்தைகள் குடைராட்டினத்தில் ஏறிச் சுற்றுவர்; தகப்பனாரோ ஒரு பெஞ்சில் அமர்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத்தக்க ஓர் இடம் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அப்பெஞ்சிலேதான் தமக்கு உதித்தது என்று அவரே பின்னாளிற் கூறினார். அவ்வெண்ணத்தின் பயனாகக் கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் ஊரில் 1955-ஆம் வருஷம் ஜூலை மாதம் 17-ஆம் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பெற்றது. அவர் காலமான பின்னர், ஃபுளோரிடா மாகாணத்தில் ஆர்லாண்டோ நகருக்கு அணித்தாக, 1971-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பெற்றது. இன்று அங்கே ஏறக்குறைய 25,000 ஏக்கர் பரப்பில் நான்கு பெரும் பூங்காக்கள் உள்ளன. இத்துணைப் பெரிய ஏற்பாட்டுக்கு மூலகாரணம், ஒருவர் பெஞ்சில் தனித்து உட்கார்ந்திருந்ததே என்பதை நேயர்கள் நினைவில் வைப்பார்களாக.

நிற்க. 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் வாழும் நம் தம்பி எல்லாரையும் அழைத்திருந்தான். அவனும் அவன் மனைவியும், ஒன்பது வயதுப் பெண்ணும், ஐந்து வயதுப் பிள்ளையும், நாமும் நம் மனைவியும், பதினாறு வயதான நம் மகனும், தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற நம் பெரியப்பா, கணவரை இழந்த அத்தை, சித்தப்பா, சித்தி, ஆகப் பதினொருவர். நாம் கழித்த நாட்கள் நான்கு. இரண்டாம் நாள் இரவுக்குள்ளாகவே, அத்தையும் பெரியப்பாவும் 'சிரமமான மனிதர்' என்று நாம் அனைவரும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்துவிட்டோம்.

அத்தை எதற்கெடுத்தாலும் குறை கூறினார். வெயில் அதிகம் என்றார், அது மெய்யே. பிற்பகலில் இடியும் மழையும் வந்து, வெளியிலுள்ள ராட்டினங்களெல்லாம் நிறுத்தப்பட்டபோது, "இதற்குத்தானா கடல் தாண்டி வந்தோம்?" என்றார். ஸ்பேஸ் மவுண்டன் என்னும் இருட்டு ரயிலில் ஏறுவதற்கு 44 அங்குல உயரம் வேண்டும். தம்பி பிள்ளைக்கு அவ்வுயரம் இல்லை. அவன் அழுதான், அவனையும் எட்டுப் பைகளையும் அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு நாம் அனைவரும் வரிசையிற் போய் நின்றோம். ஒரு மணி நேரத்துக்குமேல் கழித்துத் திரும்பி வந்தபோது அவர் தம்பியின் மனைவியை நோக்கி, "ஏன் அம்மா, நான் என்ன மூட்டை காக்க வந்த ஆளா?" என்று பலர் கேட்கச் சினந்து பேசினார். அப்பெண் கண் கலங்கினாள். அன்று மாலை முழுவதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பெரியப்பாவின் வருத்தம் வேறு வகையானது. அவர் ஊரிலிருந்தே ஓர் உறையில் பணம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தம் பங்கை ஏற்றுக்கொள்ளும்படி முதல் நாளிலேயே அதைத் தம்பியிடம் நீட்டினார். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், பெரியப்பா" என்று அவன் அதை வாங்க மறுத்தான்; டிக்கட்டின் விலை எவ்வளவென்று கேட்டதற்கும் விடை கூறவில்லை. அங்கே ஒருவருக்கு ஒரு நாள் நுழைவுக் கட்டணம் 100 டாலருக்கு மேற்பட்டது. பத்து வயது நிரம்பினாற் பெரியவர் கட்டணமே செலுத்த வேண்டும். ஆகவே பதினொருவருக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் டாலருக்குமேல் ஆகும் என்பதைப் பெரியப்பா தாமாகவே கணக்கிட்டு, அதனை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, நாள்தோறும் மனம் வெதும்பினார். இரண்டாம் நாள் இரவு ஒரு ஹோட்டலில் உண்ட பின்னர், சித்தப்பா ஒருவருக்கும் தெரியாமல் எழுந்து சென்று பில்லைக் கொடுத்துவிட்டார். "நான் இருக்கும்போது நீ கொடுக்கலாமா?" என்று பெரியப்பா கேட்டார். "டிக்கட்டுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள், அண்ணா?" என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அவ்வொரு சொல்லுக்குப் பின் அண்ணன் தம்பி இருவரும் பதினான்கு மாதம் பேசவில்லை. பெரியப்பாவுக்கு அப்போது வயது எழுபத்து நான்கு. அவ்வயதில் பதினான்கு மாதம் என்பது சிறிய காலமன்று.

இவற்றையெல்லாம் பின்னர் அமைதியாக எண்ணிப் பார்க்கையில் நமக்கு ஒன்று தோன்றியது. இதே அத்தையும் இதே பெரியப்பாவும் கலியாண வீட்டில் சிரமமான மனிதர் அல்லர். அங்கே அத்தை இல்லாமல் சீர்வரிசைத் தட்டு அடுக்கப்படுவதில்லை. பெரியப்பா இல்லாமல் பந்தி நடப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும், ஒரு வேலையும், அவ்வேலைக்குரிய மதிப்பும் உண்டு. கேளிக்கைப் பூங்காவிலோ அவ்வரிசை முழுதும் தலைகீழாகிவிடுகின்றது. அங்கே வரிசையில் நிற்பதில் தலைமையாசிரியரும் சிறுபிள்ளையும் சமம். அன்றியும், எந்த ராட்டினத்துக்கு எந்நேரம் செல்வது என்பது இப்போது செல்பேசியில் முன்கூட்டியே பதிவு செய்யப்படுகின்றது. 1999-ஆம் வருஷத்தில் ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரோடு காகிதச் சீட்டாகத் தொடங்கிய ஏற்பாடு, இன்று செல்பேசிக்குள் புகுந்துவிட்டது. ஆகவே குடும்பத்தின் தலைமை எழுபத்து நான்கு வயதினரை விட்டு நீங்கி, செல்பேசியைத் திறம்படக் கையாளும் பதினாறு வயதினன் கைக்கு வந்துவிடுகின்றது. நம் மகன் "இப்போது இடப்பக்கம், இப்போது ஓடுங்கள்" என்று ஆணையிட, நாம் பின்தொடர்ந்தோம். பெரியப்பாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செய்வதற்கு வேலையும் இன்றி, தேர்ந்துகொள்ளும் உரிமையும் இன்றி நாள் முழுவதும் பின்னால் நடக்கும் ஒருவர், தமக்கு எஞ்சியிருக்கும் ஒரே உரிமையாகிய குறை கூறுதலைக் கைக்கொள்வது வியப்பன்று.

மூன்றாம் நாள் நிகழ்ந்ததை இங்கே கூறவேண்டும். தம்பியின் பெண், "பாட்டி நேற்று அந்தப் படகைப் பற்றிக் கேட்டார்கள், அதில் ஏற உயரம் வேண்டுமா என்று கேட்டார்கள்" என்று நம்மிடம் சொன்னாள். அவள் குறித்தது 'ஸ்மால் வேர்ல்ட்' என்னும் படகுச் சவாரி. 1964-ஆம் வருஷத்து நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கென்று முதன்முதல் அமைக்கப்பெற்ற அதில், பல தேசத்து உடையணிந்த பொம்மைகள் பாடி ஆட, படகு மெல்ல மெல்லச் செல்லும். உயரத்தடை ஏதும் இல்லை. இரண்டு நாட்களாக அத்தையை, "நீங்களும் எதிலேனும் ஏறுகிறீர்களா?" என்று நம்மில் ஒருவரேனும் கேட்டதில்லை என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. அத்தை அன்று அப்படகில் இரு முறை சென்றார். அதன் பின்னரும் தண்ணீர்ப் போத்தலின் விலையைப் பற்றிக் குறை கூறாமலில்லை; ஆயினும் தம்பியின் மனைவியோடு பேசிக்கொண்டே குறை கூறினார். அவ்வேறுபாடு பெரிது.

இது பற்றி மக்களிடையே இரு கொள்கைகள் உண்டு. சிரமமான சுற்றத்தாரை விட்டுவிட்டுத் தனியே செல்வதே அறிவு என்பர் ஒரு சாரார். பெரியோர் என்ன சொன்னாலும் இளையோர் வாய் திறவாது பொறுக்கவேண்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. சுற்றத்தாரைத் தழுவி வாழ்தலுக்குத் திருவள்ளுவர் சுற்றந்தழால் என்று தனி அதிகாரமே வகுத்தார். அது எளிதில் தானே அமைவதாயிருந்தால் அதற்கோர் அதிகாரம் வேண்டியதில்லை. வாய் திறவாது பொறுத்தலோ உறவைக் காப்பதன்று. உள்ளே புகையவிட்டு, ஒரு ஹோட்டல் பில்லில் பற்றியெரியச் செய்வதாகும். செய்யவேண்டியது ஏற்பாட்டைத் திருத்துவதே.

அதற்கு நாம் கண்ட வழிகள் நான்கு. முதலாவது, பணக் கணக்கைப் புறப்படுமுன் வெளிப்படையாகப் பேசிவிடுதல் வேண்டும். கொடுக்க விரும்பும் பெரியவரிடம் ஏதேனும் ஒரு செலவை, ஒரு வேளை உணவையேனும், ஒப்புவித்து, அதை நன்றியோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். வாங்க மறுப்பதையும் மரியாதை என்று நாம் தவறாக எண்ணுகின்றோம். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் உண்மையான வேலையொன்று வேண்டும். அப்பூங்காவுக்குள் வெளியுணவு கொண்டுசெல்லத் தடையில்லை. ஆகவே புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, அந்தப் பொறுப்பை அத்தையிடமே விட்டிருக்கலாம். மூன்றாவது, பதினொருவரும் காலை முதல் இரவு வரை ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்னும் பிடிவாதத்தை விடவேண்டும். பகலில் இரண்டு மூன்று பிரிவாகப் பிரிந்து சென்று, ஒரு வேளை உணவுக்கு மட்டும் யாவரும் கூடினாற் போதும். பேசுவதற்குச் செய்தியும் அப்போதுதான் இருக்கும். நான்காவது, பெஞ்சில் அமர்வதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். சிறு குழந்தையுடையோர்க்கு அப்பூங்காவே இவ்வசதியைச் செய்துள்ளது: ஒருவர் குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் சென்று வந்த பின், காத்திருந்தவர் மீண்டும் நெடுவரிசையில் நில்லாமலே ஏறலாம். இவ்வசதி உண்டென்பதை நாம் அறிந்ததும் மூன்றாம் நாளிலேதான். அறிந்திருந்தால் அத்தையிடம் எட்டுப் பைகளையும் விட்டுச் சென்றிருக்க மாட்டோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது மெய்யாகாது. நாம் அவரைக் கேட்கவேயில்லை. அதுவே நம் குற்றம்.

எல்லாரையும் இவ்வாறு திருத்திவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. பிறரைப் புண்படுத்துவதையே இன்பமாகக் கொண்ட சிலர் எக்குடும்பத்திலும் உண்டு. அவர்களோடு நான்கு நாள் தங்குதல் கூடாது. ஒரு நாள், அன்றேல் ஒரு வேளை உணவு போதும். உறவு என்பதன் பெயரால் ஒருவருடைய கொடுஞ்சொல்லைக் குழந்தைகள் முன்னிலையில் சகித்துக்கொண்டிருப்பது தருமமன்று. ஆயினும் ஒருவரை அவ்வகையில் சேர்க்குமுன், நாம் அவருக்கு என்ன வேலை கொடுத்தோம், என்ன கேட்டோம் என்று நம்மையே வினாவிக்கொள்ளுதல் கடமை.

பெரியப்பாவும் சித்தப்பாவும் மீண்டும் பேசியது எவ்வாறெனில், 2024-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் குடும்பத்தில் ஒரு கலியாணம் நடந்தது. பந்தி விசாரணையை இருவரிடமும் ஒருங்கே ஒப்புவித்தார்கள். சமாதானம் பேச ஒருவரும் முயலவில்லை. இரண்டாம் பந்தியின்போது, "சாம்பார் மூன்றாம் பந்திக்குக் காணுமா, அண்ணா?" என்று சித்தப்பா கேட்டார். "காணும், ரசத்தை மட்டும் பார்" என்று பெரியப்பா விடையளித்தார்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பலர் நாளை அயல்நாடு செல்வீர்கள், பெரியோரை வரவழைப்பீர்கள், செல்பேசியும் வழிப்படமும் உங்கள் கையிலேயே இருக்கும். வழி காட்டுவோன் முன்னால் மட்டும் பார்த்து நடந்தாற் போதாது. அவ்வப்போது திரும்பி, பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாருங்கள், அருகே சென்று, "உங்களுக்கு எதில் ஏற விருப்பம்?" என்று கேளுங்கள். அவர் "ஒன்றும் வேண்டாம்" என்றே சொல்லக்கூடும். ஆயினும் கேளுங்கள்.